கணுக்கால் சரியாயிடுச்சு, ஏறலாம், இறங்கலாமா?

மலையோட்டம் ஓடுகிறவர்கள் காயத்துக்குப் பிறகு என்னிடம் வந்தால், உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "வலி போயிடுச்சு சார், எப்ப மலைக்குப் போகலாம்?" நான் திருப்பிக் கேட்பேன், "ஏறவா, இறங்கவா?" கிண்டல் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஆனால் பிசியோதெரபிஸ்ட் கண்ணுக்கு இவை இரண்டும் வேறு வேறு ஓட்டங்கள்.

ஏறும்போது வேலையின் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்கும், குதிகாலுக்கு மேலே கயிறு போல் தெரியும் அக்கிலீஸ் தசைநாணுக்கும் போகிறது. பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு. இறங்கும்போது கதை மாறுகிறது. முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு அடியிலும் உடம்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் சாய்வான ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 9 டிகிரி இறக்கத்தில், பாதம் மோதும் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் கூடியது. அதே அளவு ஏற்றத்தில் அந்த மோதல் ஏறக்குறைய இல்லாமலே போனது.

அதனால் எங்கே அடிபட்டது என்பதைப் பொறுத்து, திரும்பும் வழியும் மாறும். முட்டிச்சில்லைச் சுற்றி வலி, முட்டியின் வெளிப்பக்கம் வலி என்றால் ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில். அக்கிலீஸ் வலி என்றால் நேர் எதிர்: செங்குத்தான ஏற்றம்தான் அதற்கு எமன், சமதளத்தில் கூடுதல் நாள் ஓட வேண்டும். "மெதுவாத்தான் ஏறினேன் சார்" என்பார்கள். மெதுவாக ஏறினாலும் குதிகால் தாழ்ந்து, அந்தத் தசைநாண் முழு நீளத்துக்கு இழுபடத்தான் செய்யும்.

என்னிடம் அதிகம் வருவது கணுக்கால் சுளுக்கு. பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் எலும்போடு எலும்பை இணைக்கும் தசைநார் கிழிகிறது. அன்று சாயங்காலமே எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. புதிதாகக் கிழிந்ததை உருவினால் வீக்கம்தான் கூடும், தயவுசெய்து வேண்டாம். அதைவிட முக்கியம், எலும்பு முறிவு இல்லை என்று உறுதிசெய்வது. நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணு எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது, அல்லது நடுப்பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்போ உள்பக்கத்து எலும்போ வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் நகராதீர்கள்.

முறிவு இல்லை, சரி. சில வாரங்களில் வீக்கமும் வலியும் பெரும்பாலும் அடங்கிவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் சருகுக்கு அடியில் ஒரு கல் புரண்டால், நீங்கள் யோசிப்பதற்குள் காலின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடித்தாக வேண்டும். தசைநார் கிழிந்தபோது, கால் மடங்குகிறது என்ற செய்தியை அனுப்பும் உணர்வும் மங்கிப்போகிறது. வலி போனதால் அது தானாகத் திரும்பிவிடாது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்யவைத்துக் காட்டுவது சுலபம். ஷூவைக் கழற்றி, சுவர் ஓரமாக நல்ல காலில் நின்று கண்ணை மூடச் சொல்வேன். பெரும்பாலும் ஆடாமல் நிற்பார்கள். அப்புறம் அடிபட்ட கால். விரல்கள் தரையைப் பிறாண்ட ஆரம்பிக்கும், புறங்காலில் நரம்பு நரம்பாகத் தசைநாண்கள் எழும்பி அடங்கும், சில நொடியில் கை சுவரைத் தேடும். "வலிக்குதா?" என்றால், "இல்ல சார், ஆனா நிக்க முடியல" என்பார்கள். இதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சோதனைகள் வீட்டிலேயே செய்யலாம். ஒற்றைக்காலில் நின்று குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள், இருபதுக்கு மேல் போக வேண்டும், இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வர வேண்டும். அடுத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். அப்படித் தொட முடியும் வரை பாதத்தைப் பின்னால் நகர்த்துங்கள். அப்போது கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் இரண்டு காலுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இறக்கத்தில் அது முட்டிக்குப் பாரமாகும்.

இவை தேறி, சமதளத்தில் அரை மணி நேரம் நொண்டாமல் ஓட முடிந்தால் மலைக்கு வரலாம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மருதமலை வசதி. தார் ரோட்டில் ஏறி ஓடுங்கள், கோயில் பஸ்ஸில் இறங்குங்கள். பஸ்ஸில் இறங்குவதைப் பலர் மானப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்! அடுத்த கட்டம் நடந்து இறங்குவது, அதற்கடுத்து லேசான சரிவில் கொஞ்ச தூரம் ஓடி இறங்குவது. இப்படிச் சின்ன அளவில் ஒருமுறை இறங்கினாலே தொடைத் தசை அதற்குப் பழகத் தொடங்கிவிடும், அடுத்த இறக்கத்தில் வலி குறையும், அந்தப் பலன் சில வாரங்கள் நிற்கும். இறங்கிய பிறகு வரும் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், அந்த நாள்களில் மறுபடி இறங்காதீர்கள். கல்லும் வேருமான பாதை எல்லாவற்றுக்கும் கடைசி. தூரம், சரிவு, வேகம் மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்.

ஓடும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் நான் பயப்படுவதில்லை. மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் நாலு அடிதான் எனக்குத் தீர்ப்பு. முந்தின நாளைவிட மோசம் என்றால் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

இங்கே யாராவது மலையோட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் பெயரை இழுப்பார்கள். 2017-இல் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடந்த ஹார்ட்ராக் 100 மைல் ஓட்டத்தில், தொடக்கத்திலேயே தோள்பட்டை நழுவி, கையைத் தூளியில் கட்டிக்கொண்டு ஓடி ஜெயித்தவர் அவர். உண்மைதான். ஆனால் அடிபட்டது தோளில், காலில் இல்லை.

கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு மலைக்குப் போவதில் பலன் குறைவு. அது வீக்கத்தை அமுக்கும், மடங்குவதைத் தடுக்காது. லேஸ் கட்டும் வகை கணுக்கால் பிரேஸ் வாங்கி, முதல் ஆறு மாதமாவது கரடுமுரடான பாதையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒற்றைக்கால் பயிற்சியும் தொடர வேண்டும், பிரேஸ் அதற்கு மாற்று இல்லை.

ஓடக் கிளம்பும் முன் ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டுக்கொள்வது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. வலிதான் அளவுகோல் என்று மேலே சொன்னேன், மாத்திரை அந்த அளவுகோலையே அணைத்துவிடுகிறது. அதோடு மணிக்கணக்கில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

எலும்பின் மேல் ஒரே விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஓரிடத்தில் வலி, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும் இடுப்பு மடிப்பு வலி இருந்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். இதற்கெல்லாம் பயிற்சி அட்டவணை கேட்டு என்னிடம் வராதீர்கள், விரிசல் சந்தேகம் என்றால் எலும்பு மருத்துவரிடம், ரத்தக்கட்டி சந்தேகம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.