மசகு இருக்க ‘உராய்வு நீக்கி’ எதற்கு?

இயந்திரக் கையேடுகளைத் தமிழாக்குகிறவர்கள், இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய், கிரீஸ் வகைகளைக் குறிக்கும் ‘லூப்ரிகன்ட்’ என்பதை ‘உராய்வு நீக்கி’ என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். பலமுறை பார்த்தாயிற்று. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைச் சுவரில், ‘பந்து திருகாணிப் பொறிமுறைக்கு உராய்வு நீக்கி இடுதல்’ என்ற தாளைக் கண்டபிறகு இதைப் பற்றி எழுதியே தீரவேண்டும் என்றாகிவிட்டது.

மூலச் சொல்லின் கதை சின்னது. இலத்தீனில் ‘லூப்ரிகஸ்’ என்றால் வழுக்கலானது. அதில் உராய்வும் இல்லை, நீக்கமும் இல்லை. நம்மிடம் இதற்கு ஏற்கெனவே இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று உயவு, பள்ளிப் பாடநூலில் இருப்பது. இன்னொன்று மசகு, மாட்டுவண்டி அச்சில் தடவிய கரிய மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து நம் ஊர்க்காரர்களே செய்துகொண்ட பொருள். இலங்கையில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். அது அவர்கள் வழக்கு, நமக்கு அதனால் குழப்பம் வராது.

‘உராய்வு நீக்கி’ எந்த இயந்திரத்துக்கும் பொருந்தாத சொல். அந்தத் தாள் ‘பந்து திருகாணி’ என்று சொன்ன பால் ஸ்க்ரூவுக்கோ கொஞ்சமும் பொருந்தாது. கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தில், வெட்டும் பொருளைத் தாங்கும் மேசையை முன்னும் பின்னும் நகர்த்துவது இதுதான். தண்டில் சுருளாக ஒரு பள்ளம், நட்டுக்குள்ளும் அதே பள்ளம், நடுவில் வரிசையாக எஃகுக் குண்டுகள். நட்டின் ஒரு முனைக்குப் போய்ச் சேர்ந்த குண்டு, திரும்பும் வழியில் ஏறி மறுபடி ஆரம்பத்துக்கே வந்துவிடும். சாதாரணத் திருகில் உலோகம் உலோகத்தின் மேல் சறுக்குவதால், கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் வீணாகலாம். இங்கே எல்லாம் உருளல் என்பதால் சுமார் 90 சதவீதம் வேலைக்கு வருகிறது. அதாவது, உராய்வைப் பெருமளவு குறைத்தது குண்டு. கிரீஸ் அல்ல.

அப்புறம் கிரீஸ் எதற்கு? குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று இரண்டையும் ஒட்டவிடாமல் வைப்பதற்கு. படலம் அறுந்தால் பள்ளத்தில் பொடிப்பொடியாகக் குழி விழும், நட்டில் ஆட்டம் வரும், வெட்டும் பொருளின் அளவு பிசகும். பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் ஒன்றையொன்று தேய்ப்பதைத் தணிப்பதும் அதுதான். துருவைத் தடுப்பதும் அதே. கடற்காற்று அடிக்கும் கடலூரிலும் புதுச்சேரியிலும் இது சின்ன வேலை இல்லை. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை வந்து பார்த்தால், எண்ணெய்ப் பூச்சு இல்லாத இடத்தில் தண்டு செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். இதில் எதையாவது ‘உராய்வு நீக்கி’ என்ற பெயர் சொல்கிறதா?

இன்னொன்று. உராய்வு முழுக்க நீங்கிவிட்டால் குண்டு உருளாது, சறுக்கும். கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு போன்ற துகள் கலந்த கிரீஸைப் பால் ஸ்க்ரூவில் போடவேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள்; துகள் பள்ளத்தில் படிந்து உருளலைக் கெடுக்கும். பொதுவாக லித்தியம் சோப்பு வகையில், கெட்டித்தன்மை 2ஆம் எண் கொண்ட கிரீஸ் போதும். அதையும் அளவாகத்தான் போடவேண்டும். நட்டு நிறைய அடைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்து சூடேறும். ஒரு மீட்டர் எஃகுத் தண்டு ஒரு டிகிரி சூடேறினாலே சுமார் 12 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும்; வெட்டும் அளவும் அதோடு பிசகும். நீக்குவதுதான் நோக்கம் என்று பெயரே சொல்லிவிட்டால், கூடப் போட்டால் நல்லது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

அந்தத் தாள் ஒட்டியிருந்த பட்டறையிலேயே இதன் விளைவையும் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் அலமாரியில் இருந்த துரு நீக்கி ஸ்பிரேயை எடுத்து, தண்டு முழுக்க அடித்து, பனியன் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தான். “நீக்கின்னா அடிச்சுட்டுத் துடைச்சிடணும்தானேண்ணே?” என்று கேட்டான். கறை நீக்கி, துரு நீக்கி எல்லாம் அப்படித்தானே? அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்த கிரீஸும் கரைந்து துணியோடு போயிற்று. மசகு என்று எழுதியிருந்தால் அவன் கை துணிப் பக்கமே போயிருக்காது, ஏனென்றால் மசகு தங்கியிருக்கவேண்டிய பொருள்.

மொழிபெயர்ப்பாளர்கள் பட்டறைக்குள் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். ‘பந்து திருகாணி’ என்கிறார்கள். திருகாணி முடுக்கி இறுக்குவது. இது இயக்கும் தண்டு. பந்து என்றால் நமக்கு விளையாடுவது. சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் போடும் சின்ன உருண்டையை நாம் பால்ரஸ் என்போம், குண்டு என்போம். ஆகவே குண்டுத் திருகுதண்டு. அது நாவில் ஏறவில்லையா, பால் ஸ்க்ரூ என்றே எழுதுங்கள். எனக்குத் தனித்தமிழில் பற்று உண்டு, ஆனால் ஆளைத் தவறான வேலைக்கு அனுப்பும் தமிழைவிட வேலை தெரிந்த கடன்சொல் மேல்.

உயவு என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாடத்துக்கு அது நல்ல சொல். பட்டறைத் தாளுக்கு மசகைத்தான் சொல்வேன், அதிலிருந்து மற்றதெல்லாம் தானாகப் பிறக்கிறது: மசகிடு, மசகுப் படலம், மசகுத் துளை, மசகு பம்பு. ‘உராய்வு நீக்கி’யில் இப்படி ஒன்றைச் செய்து பாருங்கள், ‘உராய்வு நீக்கித் துளை’ என்று வரும்.