சாப்பாட்டுல கண்ணாடி, கம்பி கிடந்தா அந்தத் துண்டை யார்கிட்டயும் தூக்கிக் கொடுத்துடாதீங்க

நுகர்வோர் கேஸ் நடத்துற வக்கீலா நான் அடிக்கடி பாக்குறது இது. சாப்பிடும்போது கண்ணாடித் துண்டோ கம்பியோ கடிபட்டு பல்லு உடைஞ்சிருக்கும், வலியும் கோபமும் நிஜம், ஆனா என்கிட்ட வரும்போது கையில அந்தத் துண்டு மட்டும் இருக்காது. "கம்பெனி ஆள் வந்து டெஸ்ட் பண்ணணும்னு வாங்கிட்டுப் போனாரு சார்"ம்பாங்க. கேஸோட உயிரே அதுலதான் இருந்துச்சு. அப்புறம் "எங்க பிளான்ட்ல இப்படி ஒரு பொருளே கிடையாது"ன்னு ஒரு மெயில் வரும், மறுத்துப் பேச நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது.

அதனால அதைக் கழுவாதீங்க, துடைக்காதீங்க, ஒட்டியிருக்கிற சாப்பாடும் சாட்சிதான். சுத்தமான டப்பாவுல போட்டு மூடுங்க, மிச்ச சாப்பாட்டை பாக்கெட்டோட ஃப்ரீசர்ல வைங்க, துண்டு பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, பேட்ச் நம்பரும் பில்லும் தெளிவா விழணும். அளவுக்கு மதிப்பு இருக்கு: அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல்படி, அப்படியே சாப்பிடற உணவுல 7லேர்ந்து 25 மில்லிமீட்டர் வரைக்கும் நீளமுள்ள கெட்டியான பொருளோ கூரான பொருளோ கிடந்தா அது ஆபத்துன்னுதான் கணக்கு. கம்பெனிக்கு போட்டோ அனுப்புங்க, வேணும்னா நேர்ல வந்து பாக்கட்டும். கொடுத்தே ஆகணும்னா உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட எழுத்துல ரசீது வாங்கிட்டு கொடுங்க.

அன்னைக்கே டாக்டரையும் பாத்துடுங்க. எதைக் கடிச்சீங்க, எப்போன்னு அவர் சீட்டுல எழுதியிருக்கணும், ஏன்னா எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்குறதே "இந்தப் பல்லு முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சா?"ங்கறதுதான். பழைய பல் எக்ஸ்ரே இருந்தா தேடி எடுங்க, பல கேஸ்ல தீர்ப்பை மாத்தறது அதுதான். காயமே இல்ல, பாத்ததும் அருவருப்பா இருந்துச்சு அவ்ளோதான்னா, புகார் கட்டாயம் கொடுங்க, ஆனா பெரிய நஷ்ட ஈடு எதிர்பார்க்காதீங்க.

"பில் என் பேர்ல இல்லையே, ஃப்ரெண்ட்தானே வாங்கிக் கொடுத்தாங்க"ன்னு பலர் தயங்குறாங்க. 1928ல ஸ்காட்லாந்துல டோனஹ்யூங்கற அம்மாவுக்கு தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீர் பாட்டில்ல அழுகின நத்தை இருந்துச்சுன்னு போட்ட கேஸ்லதான், வாங்கினவர்கிட்ட மட்டுமில்ல குடிக்கிறவர்கிட்டயும் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டுன்னு 1932ல, அப்போ அங்க உச்ச நீதிமன்றமாவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை சொல்லிச்சு. ஆனா நத்தை நிஜமாவே இருந்துச்சாங்கறது கோர்ட்ல நிரூபிக்கப்படவே இல்ல, கேஸ் சமரசத்துல முடிஞ்சுடுச்சு.

எலும்பு, மீன் முள்ளு மாதிரி அந்த உணவுலயே இருக்கக்கூடியதுன்னா கேஸ் கஷ்டம், சாப்பிடறவர் அதை எதிர்பார்த்திருக்கணுமான்னு கோர்ட் பாக்கும்.

கம்பெனி ஒரு கூப்பனோ சின்ன தொகையோ நீட்டி கையெழுத்து கேட்டா, அந்த பேப்பர்ல "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும். அதே மாதிரி "பணம் தரலைன்னா வீடியோ போட்டுடுவேன்"னு கோபத்துல மெசேஜ் அனுப்பிடாதீங்க, மிரட்டிப் பணம் கேட்டதா உங்க மேலயே கேஸ் திரும்பிடும்.