ரைபோசோம்: பெயருக்குள் ஒரு பிசின்

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் உருவாகும் இடம். டி.என்.ஏ.வில் உள்ள தகவல் முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். அந்தப் படியை ரைபோசோம் மும்மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோத்துக்கொண்டே போகும். ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளை (அதாவது நியூக்ளியோடைடு என்ற நான்கு வகை அலகுகளை) மும்மூன்றாகச் சேர்த்தால் 64 வகை வரும். அவற்றில் 61 வகை 20 அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி 3 'இத்தோடு நிறுத்து' என்று சொல்பவை. பாக்டீரியாவின் ரைபோசோம் நொடிக்கு ஏறத்தாழ 20 அமினோ அமிலங்களைக் கோத்துவிடும்.

சரி, பெயருக்கு வருவோம். பின்பாதியான 'சோம்', உடல் என்று பொருள்படும் 'சோமா' என்ற கிரேக்கச் சொல். (நம் சோமபானத்துக்கும் இதற்கும் உறவில்லை.) முன்பாதி 'ரைபோ'வின் கதைதான் சுவையானது. அரபுப் பிசின் என்று ஒன்று உண்டு; வேல மரங்களில் வடிவது. அதிலிருந்து கிடைத்த சர்க்கரைக்கு அரபினோஸ் என்று பெயர். 1891-இல் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் அதன் மூலக்கூறு அமைப்பைச் சற்று மாற்றி இன்னொரு சர்க்கரையைச் செய்தார். பெயரிலும் அதே வேலைதான்: அரபினோஸின் எழுத்துகள் சிலவற்றை இடம் மாற்றிப் போட்டு 'ரைபோஸ்' என்றாக்கினார். 1909-இல் உயிர்வேதியியலாளர் ஃபீபஸ் லெவீன் ஈஸ்ட்டின் நியூக்ளிக் அமிலத்தில் அதே ரைபோஸ் இருப்பதைக் கண்டார். ஆர்.என்.ஏ.வில் வரும் 'ஆர்' அதுதான். அரபு நாட்டின் பெயர் உருக்குலைந்து நம் ஒவ்வொரு செல்லிலும் உட்கார்ந்திருக்கிறது!

துகளைக் கண்டவர் வேறு, பெயர் வைத்தவர் வேறு. ருமேனியாவில் பிறந்த ஜார்ஜ் பலாடே, நியூயார்க்கில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக இந்தச் சிறு துகள்களைப் பார்த்து 1955-இல் விவரித்தார். அப்போது அவற்றுக்கு வழங்கிய பெயர், 'மைக்ரோசோம் பகுதியின் ரைபோநியூக்ளியோபுரதத் துகள்கள்'. ஒரு மூச்சில் சொல்ல முடியாது. 1958-இல் நடந்த உயிர் இயற்பியல் கருத்தரங்கில் 'ரைபோசோம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டது. கட்டுரைகளைத் தொகுத்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், காதுக்கு இனிதாக ஒலிக்கிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி அதை அச்சில் ஏற்றினார்.

'ரைபோ' என்று சேர்த்தது, அந்தத் துகளில் ஆர்.என்.ஏ. கலந்திருக்கிறது என்பதற்காக மட்டுமே. உண்மையான வேலையைச் செய்வது அதிலுள்ள புரதங்கள்தான், ஆர்.என்.ஏ. அவற்றைத் தாங்கும் வெறும் சட்டகம் என்றே பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் ரைபோசோமின் அமைப்பு அணு அளவில் தெரியவந்தபோது கதை தலைகீழானது. அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படும் இடத்தில் இருப்பது ஆர்.என்.ஏ.; புரதங்கள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கின்றன. ராபர்ட்ஸ் அறியாமலே பொருத்தமான பெயரை வைத்திருக்கிறார். இந்த அமைப்பு ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்.

தமிழில் என்ன சொல்வது? 'புரதத் தொழிற்சாலை' என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். விளக்கத்துக்குச் சரி, பெயராக வேண்டாம்: அதில் 'ரைபோ' காணாமல் போகிறது, அதோடு பாதிக் கதையும் போய்விடுகிறது. இலங்கைப் பாடநூல் மரபில் குரோமோசோமுக்கு 'நிறமூர்த்தம்' என்ற அழகான சொல் உண்டு. 'சோமா' அங்கே மூர்த்தமாகிவிட்டது. அதே வழியில் 'ரைபோமூர்த்தம்' என்று ஆக்கியிருக்கலாம். ஆனால் அங்கும் 'இறைபோசோம்' என்றுதான் எழுதுகிறார்கள். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணப்படி, ரப்பரை 'இறப்பர்' என்பதுபோல. தமிழ்நாட்டில் 'ரைபோசோம்' நிலைத்துவிட்டது. இரண்டும் சரியே, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

செயல்களின் பெயர்களில் மட்டும் தமிழைத் தயங்காமல் எழுதலாம். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது படியெடுத்தல்: எழுத்து அதே இனம், படிதான் புதிது. ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் உருவாவது மொழிபெயர்ப்பு: நியூக்ளியோடைடுகளின் மொழி அமினோ அமிலங்களின் மொழியாகிறது. இரண்டுக்கும் 'நகலாக்கம்' என்று பொதுவாக எழுதுபவர்கள் உண்டு. அது தவறு, டி.என்.ஏ. தன்னையே இரட்டிப்பாக்கிக்கொள்வது வேறு வேலை. அதற்கு இரட்டிப்பாதல் என்ற சொல் இருக்கிறது.