கவலையை நிறுத்தவே முடியாது என்று நினைக்கிறீர்களா?

பதற்றம் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே இசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எல்லாம் நார்மல். ஆனால் தூக்கம் இல்லை, மகன் வண்டியை எடுத்தால் விபத்து, வீட்டுக் கடன், மகள் கல்யாணம் என்று மனம் ஒன்று மாற்றி ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலசி ஆறுதல் சொல்லலாம், ஆனால் மகன் விஷயம் தீர்ந்ததும் அந்த இடத்துக்கு மகள் விஷயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் வேறு ஒன்று கேட்பேன்: "கவலைப்படுறதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மெட்டாகாக்னிட்டிவ் தெரபி என்ற பேச்சுவழிச் சிகிச்சை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. இதை உருவாக்கியவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ். இதன் அடிப்படைக் கோட்பாட்டை 1994-ல் ஜெரால்ட் மேத்யூஸுடன் சேர்ந்து எழுதினார். பயமுறுத்தும் எண்ணம் எல்லோருக்கும்தான் வரும், விட்டால் போய்விடும் என்கிறார் அவர். வந்த எண்ணத்தை மணிக்கணக்கில் நீட்டிக்கொண்டே போவது, பழசைக் கிளறுவது, நெஞ்சு படபடக்கிறதா என்று உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பது, கூகுளில் நோயைத் தேடுவது, "போய்ச் சேர்ந்துட்டியா" என்று பத்து தடவை போன் செய்வது, இவைதான் அதைப் போகவிடாமல் வைத்திருக்கின்றன.

ஏன் இதையெல்லாம் செய்கிறோம்? ஒன்று, கவலைப்படுவது நல்லது என்ற நம்பிக்கை. நம் வீடுகளில் இது ரொம்ப ஆழம். "நான் கவலைப்படாம இருந்தா புள்ள மேல அக்கறை இல்லைன்னு ஆகிடாதா?" என்று கேட்கும் அம்மாக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், நிம்மதியாக இருந்தால் கண் பட்டு ஏதாவது நடந்துவிடும் என்று உண்மையாகவே பயப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். இன்னொன்று, கவலை என் கட்டுப்பாட்டில் இல்லை, இப்படியே யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற நம்பிக்கை. ஆளைப் படுத்தி எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், ஏனென்றால் இது வந்த பிறகு கவலையைப் பற்றியே கவலைப்பட ஆரம்பித்துவிடுகிறோம்.

நாங்கள் முதலில் கை வைப்பதும் இதில்தான். கவலையில் மூழ்கி இருக்கும்போது விருந்தாளி வந்து கதவைத் தட்டினால் அந்தக் கவலை எங்கே போகிறது என்று கேட்பேன். அப்புறம் ஒரு பயிற்சி. மாலையில் ஒரு கால் மணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்கிவிட வேண்டும், ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப்போகும் நேரம் வேண்டாம். பகலில் எண்ணம் வந்தால், "சரி, வந்திருக்க, ஏழு மணிக்குப் பார்க்கலாம்" என்று அதை அப்படியே விட்டுவிட்டுக் கையில் இருக்கிற வேலையைத் தொடர வேண்டும். விரட்டக் கூடாது, அதோடு வாதாடவும் கூடாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை நமக்குத் தெரியும், விரட்டினால் குரங்குதான் வரும். ஏழு மணி ஆகும்போது பலருக்குக் கவலைப்படத் தோன்றுவதே இல்லை. தோன்றினாலும் பரவாயில்லை, இவ்வளவு நேரம் தள்ளிவைக்க முடிந்ததே, அப்படியானால் அது உங்கள் பிடியில் இல்லை என்பது எப்படிச் சரியாகும்? பிறகு அந்தக் கால் மணி நேரத்தில் வேண்டுமென்றே முடிந்த மட்டும் கவலைப்பட்டு, பைத்தியம் பிடிக்கிறதா என்று பார்க்கவும் சொல்வோம். இந்தக் கடைசிச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம், சிகிச்சையாளரோடு செய்யுங்கள்.

கவனப் பயிற்சியும் உண்டு. மின்விசிறி, தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து வீட்டு டிவி என்று பல ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பிறகு வேகமாக மாற்றி மாற்றிக் கேட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்பது. மனதை அமைதிப்படுத்த இல்லை, உள்ளே என்ன எண்ணம் ஓடினாலும் கவனத்தை நாம் விரும்பிய இடத்தில் வைக்க முடியும் என்று பழகத்தான்.

பலன் இருக்கிறதா? நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பொதுப் பதற்ற நோய் (எதைப் பற்றியாவது ஓயாமல் கவலைப்படும் நோய்) இருந்தவர்களில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் 65 சதவீதமும், சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும், பரவலாகத் தரப்படும் சிகிச்சை) பெற்றவர்கள் 38 சதவீதமும் குணமடைந்தார்கள். சிறிய ஆய்வு, அதை எழுதியவர்களில் வெல்ஸும் ஒருவர், அதனால் சிபிடி வேலைக்கு ஆகாது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். சிபிடியால் நன்றாக இருக்கிறவர்கள் அதையே தொடரலாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது உங்கள் மனநல மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. தள்ளிவைக்கும் பயிற்சி கவலைக்குத்தான். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை ஏழு மணிக்குத் தள்ளாதீர்கள், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.