நூலகக் கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள்

பொது நூலகத்தில் இணையத்தைக் கட்டுப்படுத்தலாமா என்று பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் யோசனை இதுதான்: "கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்றை ரூட்டரில் போட்டுவிடுங்கள் சார்." இன்னும் எத்தனை தடவை விளக்குவது? இன்றைய தளங்களில் பெரும்பாலானவை எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பில், ஓடுகின்றன. எந்தத் தளம் என்பது ரூட்டருக்குத் தெரியும். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, தேடுபெட்டியில் என்ன தட்டினார்கள் என்பது தெரியாது. பட்டியல் அங்கே சும்மா கிடக்கும். கணினியிலேயே வடிகட்டியை நிறுவினால் சொல் தெரியும், பொருள் தெரியாது. 1996-இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடவில்லை. ஊர்ப்பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு வசைச்சொல் இருந்ததுதான் காரணம். மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்க வருகிற பெண்ணையும் இப்படிப்பட்ட வடிகட்டி திருப்பி அனுப்பும். நூலகரிடம் காரணம் சொல்லக் கூசி அவர் எழுந்து போய்விடுவார்.

அடுத்த யோசனை, "அரசுத் தளங்களை மட்டும் திறந்துவிடுங்கள்." தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்வரை சிக்கல் இருக்காது. கட்டணம் கட்ட அழுத்தியதும் பக்கம் வங்கித் தளத்துக்கோ பேமென்ட் கேட்வேக்கோ தாவும். அது பட்டியலில் இல்லை, திரை வெள்ளையாக நிற்கும். கடைசி நாள் மாலையில் அந்த வாசகர் எங்கே ஓடுவார்? யூடியூபை மூடச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்களின் வகுப்பறை அது.

சிறுவர் பிரிவுக்கு வடிகட்டி கட்டாயம் வேண்டும். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைத் தேடித் தருவது டிஎன்எஸ்; அங்குள்ள கணினிகளில் மட்டும் அதன் முகவரியை 1.1.1.3, 1.0.0.3 (கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வடிகட்டும் டிஎன்எஸ்) என்று மாற்றுங்கள். ஆபாசத் தளங்களும் தீம்பொருள் தளங்களும் பெரும்பாலும் நின்றுவிடும், செலவும் இல்லை. பிரௌசரில் 'செக்யூர் டிஎன்எஸ்'ஸை அணைக்க மறக்காதீர்கள். மறந்தால் பிரௌசர் நீங்கள் வைத்த முகவரியை விட்டு வேறொரு டிஎன்எஸ்ஸிடம் போய்விடலாம். திரை நூலகர் மேசையைப் பார்த்தபடி இருக்கட்டும்.

அமெரிக்காவில், மத்திய அரசின் இணையக் கட்டணச் சலுகை பெறும் நூலகங்கள் வடிகட்டி வைக்க வேண்டும் என்று 2000-இல் சட்டம் வந்தது. 2003-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ஏற்றது. பெரியவர் கேட்டால் நூலகர் தடையை நீக்கலாம் என்ற ஏற்பாடுதான் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய தாங்கல். அந்தச் சாவி இங்கும் நூலகர் கையில் இருக்க வேண்டும், காரணம் கேட்காமல் திறக்க வேண்டும்.

இத்தனை விவாதத்திலும் யாரும் தொடாத இடம், இறக்கிய கோப்புகள் தேங்கும் டவுன்லோட்ஸ் போல்டர். யாரோ ஒருவரின் ஆதார் பிடிஎஃப், மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூம். "ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே" என்கிறார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு. இரண்டுமே பக்கத்தில் கிடக்கும் ரெஸ்யூமில் இருக்கின்றன! பிரௌசரின் இன்காக்னிடோ முறையும் காப்பாற்றாது. பார்த்த தடத்தை அது அழிக்கும், இறக்கிய கோப்பைத் தொடாது.

நூலகங்கள் செய்ய வேண்டியது: மறுதொடக்கம் செய்ததும் பழைய நிலைக்குத் திரும்பவைக்கும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள். வாசகருக்கு அட்மின் (கணினி அமைப்பை மாற்றும் உரிமை) அல்லாத கணக்கு. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதை அணைத்தல். ஒருவர் எழுந்ததும் மறுதொடக்கம். அடுத்தவர் இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும்.

வாசகர்களே, பிரௌசரை மூடினால் போதாது, லாக் அவுட் செய்யுங்கள். கோப்புகளை ஷிப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்தி நீக்குங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் கைபேசியில் 'லிங்க்டு டிவைசஸ்' போய்த் துண்டியுங்கள். நெட்பேங்கிங்கை மட்டும் தயவுசெய்து அங்கே திறக்காதீர்கள்; கட்டணத்தைத் திரையில் வரும் க்யூஆரை உங்கள் கைபேசியில் ஸ்கேன் செய்து கட்டுங்கள்.