கரண்ட் போனால் அது மின்னிழப்பா?

“மின்னிழப்பு ஏற்படும் பட்சத்தில் அமைப்புகள் பாதுகாக்கப்படும்.” கருவிக் கையேடுகளில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான், ஆங்கிலத்தின் ‘power loss’ஐ அப்படியே பெயர்த்து, இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்.

அதற்கு மின்தடை என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. ‘தடு’ என்ற வினையிலிருந்து தடை, அதோடு மின். மரம் விழுந்து கம்பி அறுந்தாலும், பராமரிப்புக்காக நிறுத்தினாலும் பொருந்தும். மின்வெட்டு அப்படியல்ல. வெட்டு என்றால் வெட்டுகிறவர் இருக்க வேண்டும். பற்றாக்குறையைச் சமாளிக்க வேண்டுமென்றே நிறுத்துவதுதான் மின்வெட்டு. பணம் கட்டாதவர் வீட்டுக்கு வருவது மின்துண்டிப்பு.

சரி, மின்னிழப்பு எங்கிருந்து முளைத்தது? மின்தடை என்பது இயற்பியலில் ஓம் கணக்கில் அளக்கும் தடைக்கும் பெயர், குழப்பம் வரும் என்கிறார்கள். யாருக்குக் குழப்பம்? “மின்தடை 5 ஓம்” என்பதையும் “மின்தடை 5 மணி நேரம்” என்பதையும் பள்ளிப் பிள்ளைகூட மாற்றிப் புரிந்துகொள்ளாது.

மாறாக, மின்னிழப்புக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மின்சாரம் கம்பி வழியே வரும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகிறதே, அதுதான் மின்னிழப்பு. மின்னோட்டம் பாதியானால் இந்த இழப்பு கால்பங்காகிவிடும். தொலைதூரத்துக்கு அனுப்பும்போது 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் என்று மின்னழுத்தத்தை ஏற்றி மின்னோட்டத்தைக் குறைப்பது இதற்காகத்தான். கரண்ட் நின்றுவிட்டால் கம்பியில் மின்னோட்டமே இல்லை, மின்னிழப்பும் பூஜ்யம். ஆக, எந்த நேரத்தில் அது அறவே இருக்காதோ அந்த நேரத்துக்கே அதைப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள்!

அதே ‘power loss’ஐச் சிலர் ‘சக்தி இழப்பு’ என்று எழுதுவது இன்னும் மோசம். டானிக் விளம்பரம் மாதிரி இருக்கிறது. போதாததற்கு, ‘power’ என்பது தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன், இலங்கைப் பாடநூலில் வலு. ‘energy’ என்பது இங்கே ஆற்றல், அங்கே சக்தி. எந்தச் சக்தியை எங்கே இழந்தோம் என்று வாசகர் தேட வேண்டியதுதான்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு (கிரிட்) சரிந்ததைப் போன்றவற்றை, ‘blackout’ என்பதைப் பெயர்த்து ‘இருட்டடிப்பு’ என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. போர்க்காலத்தில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைப்பதும், செய்தியை வெளிவராமல் அமுக்குவதும் இருட்டடிப்பு. இரண்டிலும் ஒருவர் வேண்டுமென்று செய்கிறார். தொகுப்பு தானாகச் சரிந்தால் ‘பெரும் மின்தடை’ என்றோ ‘மின்தொகுப்பு முடக்கம்’ என்றோ எழுதலாமே.

அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று ஒட்டிவிட்டு மொழிபெயர்த்தாகிவிட்டது என்று நினைப்பதால் வருகிற வினை இது. கையேட்டு வாக்கியத்துக்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை: “மின்சாரம் நின்றாலும் நீங்கள் செய்து வைத்த அமைப்புகள் அழியாது.”