விமான நிறுவனத்தின் மீது சங்கம் வழக்குப் போட்டால்: நீதிமன்ற அதிகாரத்தை முடிவு செய்ய நடக்கும் ‘டிஸ்கவரி’

அமெரிக்காவில் விமானிகளோ கேபின் ஊழியர்களோ மெக்கானிக்குகளோ தங்கள் சங்கம் மூலம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால், யார் பக்கம் நியாயம் என்ற பேச்சு உடனே தொடங்குவதில்லை. இந்த வழக்கை விசாரிக்க ஃபெடரல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் முதல் சண்டை. அந்த இடத்திலேயே தோற்றுப்போகும் சங்கங்கள் உண்டு.

இதற்குக் காரணம் 1926-ல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936-லிருந்து விமான நிறுவனங்களும் இதற்குள் வந்துவிட்டன. இந்தச் சட்டத்தின் கீழ் தகராறுகளை இரண்டாகப் பிரிப்பார்கள். சம்பளம், வேலை விதிகள் போன்றவற்றுக்குப் புது ஒப்பந்தம் போடுவது அல்லது இருப்பதை மாற்றுவது பற்றியது பெரிய தகராறு. ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்துக்கு என்ன அர்த்தம், அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது சிறிய தகராறு. ஒருவர் வேலையை விட்டு நீக்கப்பட்டது ஒப்பந்தப்படி சரியா என்பதுகூடச் சிறிய தகராறில்தான் சேரும்.

பெரிய தகராறு என்றால் பேச்சுவார்த்தை, தேசிய மத்தியஸ்த வாரியம், 30 நாள் பொறுத்திருக்கும் காலம் என்று நீண்ட நடைமுறை இருக்கிறது. அது முடியும்வரை இருக்கும் நிலைமையை யாரும் மாற்றக் கூடாது. நிறுவனம் மீறினால் சங்கம் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம். ஈடுசெய்ய முடியாத பாதிப்பு நேரும் என்று நிரூபிக்க வேண்டிய வழக்கமான சுமைகூட இங்கே கிடையாது.

சிறிய தகராறு என்றால் அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை; அது சிஸ்டம் போர்டு எனப்படும் நடுவர் குழுவுக்குப் போக வேண்டும். நிறுவனத் தரப்பும் சங்கத் தரப்பும் சேர்ந்த குழு அது. இழுபறியானால் பொதுவான நடுவர் வருவார். தீர்ப்பு வரும்வரை நிறுவனம் தன் அர்த்தப்படியே நடந்துகொள்ள பெரும்பாலும் தடை இருக்காது. சங்கம் அதற்காக வேலைநிறுத்தம் செய்தால் அதை நிறுத்திவைக்க நீதிமன்றத்தால் முடியும் என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே எந்தப் பெட்டியில் தகராறு விழுகிறது என்பதில்தான் பாதி வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது.

இந்தக் கோட்டை எங்கே போடுவது? 1989-ல் கான்ரெயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது. ஊழியர்களுக்கு அவ்வப்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையோடு போதைப்பொருள் சோதனையையும் சேர்த்தது அந்த ரயில் நிறுவனம். எழுத்தில் அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும், இத்தனை வருடமாக இந்தப் பரிசோதனைகளை நடத்திவந்த பழக்கமே ஒப்பந்தத்தின் பகுதி என்றது நிறுவனம். அந்த வாதம் சரியா என்று நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. வாதாட இடமிருக்கிறது, அடியோடு அற்பமானதாக இல்லை, அவ்வளவு போதும், இது சிறிய தகராறுதான் என்று சொல்லிவிட்டது. விமான நிறுவன வழக்குகளிலும் இதே அளவுகோல்தான். என் பார்வையில் இது நிறுவனங்களுக்கு மிகச் சுலபமான வாசல்.

சரி, டிஸ்கவரி, அதாவது எதிர்த்தரப்பிடமிருந்து ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் கேட்டு வாங்கும் நடைமுறை, எங்கே வருகிறது? சங்கம் வழக்குப் போட்டதும், அதிகாரம் இல்லை, தள்ளுபடி செய்யுங்கள் என்று நிறுவனம் மனுப் போடும். சங்கத்தின் வழக்கு மனுவில் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அதிகாரம் வராது என்பது ஒரு வகை வாதம். அங்கே ஆவணம் தேட வேலையே இல்லை. நடந்ததே வேறு, பழக்கமே வேறு என்று உண்மைகளை மறுப்பது இன்னொரு வகை. அப்போது நீதிபதி வழக்கு மனுவுக்கு வெளியே உள்ள சான்றுகளையும் பார்க்கலாம். அந்தச் சான்றுகள் நிறுவனத்தின் அலமாரியில் பூட்டியிருந்தால், அதிகாரம் பற்றிய கேள்விக்கு மட்டும் என்று எல்லை வைத்து, ஆவணங்களைக் கேட்கவும் அதிகாரிகளிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலம் வாங்கவும் அனுமதி கோரலாம். அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை.

ஏதாவது மாட்டுமா என்று துழாவுவதற்கு அனுமதி கிடைக்காது. எந்த ஆவணம், அதில் என்ன இருக்கக்கூடும், அது பதிலை எப்படி மாற்றும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின் குறிப்புகள், துணை ஒப்பந்தக் கடிதங்கள், இதே விஷயத்தில் முன்பு வந்த புகார்களுக்குத் தந்த பதில்கள், பணி அட்டவணையை உண்மையில் எப்படிப் போட்டார்கள் என்ற பதிவுகள் ஆகியவைதான் முக்கியம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, சங்கத்தினர் நன்றாக யோசிக்க வேண்டியது. தோண்டி எடுக்கும் ஆவணம் இரண்டு அர்த்தத்துக்கு இடம் தந்தால், அது நிறுவனத்துக்குத்தான் உதவும். வாதாட இடமிருக்கிறது என்று காட்டினாலே அவர்களுக்குப் போதுமே. ‘இந்த உரிமையைப் பேச்சுவார்த்தையில் நிறுவனம் கேட்டது, சங்கம் மறுத்தது, நிறுவனம் விட்டுக்கொடுத்தது’ என்பதைப் போலத் தெளிவான தடயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் டிஸ்கவரி கேட்பதில் பலன்.

எல்லாப் புகாரும் இந்த இரு பெட்டிக்குள் அடங்குவதும் இல்லை. ஹவாயியன் ஏர்லைன்ஸில் ஒரு மெக்கானிக், சக்கர அச்சின் உறை கீறல் விழுந்து பழுதாகியிருப்பதைப் பார்த்து மாற்றச் சொன்னார். மேற்பார்வையாளரோ உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டச் சொன்னார். வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போட மறுத்த மெக்கானிக்கின் வேலை போனது. மாநிலச் சட்டப்படி அவர் போட்ட வழக்குக்கு ஒப்பந்தத்தின் அர்த்தத்தைப் பார்க்கத் தேவையில்லை, அதை ரயில்வே தொழிலாளர் சட்டம் தடுக்காது என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

வழக்கு தள்ளுபடியானாலும் டிஸ்கவரியில் கிடைத்தவை வீணாகாது. ரகசியம் காக்கும் உத்தரவு தடுக்காத வரை சிஸ்டம் போர்டில் அவற்றைக் காட்டலாம். ஆனால் அங்கே போக, புகார் உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள காலக்கெடு நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். வழக்குப் போடும்போதே புகாரையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.